நவம்பர் ஒன்பதாகிப் போன வீடு

செவல்கரைப்பட்டியில் வீடுகள் தேதிகளாகிப் போன அந்த வருஷம் ஆடிக் காற்று ஓயாமல் அடித்தது, கொடியில் காய்ந்த வேட்டியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனது, பேரூராட்சி அலுவலகத்தின் ஜன்னல் கதவுகளை மாற்றி மாற்றி அறைந்தது, அந்த ஜன்னலுக்குக் கீழே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடிக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஊரிலுள்ள எல்லா வீடுகளின் கதவு எண்களையும் பழைய கோப்பிலிருந்து எடுத்து, மாவட்ட அலுவலகம் அனுப்பிய புதிய ஷீட்டில் ஒட்டி, ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. அவள் ஒப்பந்த ஊழியர். வயது முப்பத்தாறு. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், மாதம் இரண்டு முறை வந்து போவான்.

செவல்கரைப்பட்டியில் கதவு எண் என்பது வார்டு எண், ஒரு சாய்வுக் கோடு, வீட்டு எண், அவ்வளவுதான். மூன்றாம் வார்டின் ஏழாம் வீடு 3/7. ஒட்டுகிற சமயத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்து, இந்த வரிசை எண்ணா, தேதியா, வெறும் எழுத்தா என்று கேட்டது. எழுத்து என்று ஜெயக்கொடி சொன்னாள். அது கேட்டுக்கொண்டது, ஆனால் செய்யவில்லை. 3/7 இருந்த இடத்தில் ஜூலை 3 என்று வந்து நின்றது. அழித்துவிட்டு மறுபடி ஒட்டினாள், மறுபடி எழுத்து என்றாள், மறுபடி ஜூலை 3. மூன்றாம் முறை வாய்விட்டே சொன்னாள். "எழுத்து. தேதி இல்ல. எழுத்து." ஊரில் பதினெட்டு வார்டுகள், வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதங்கள், ஆகையால் ஒவ்வொரு வார்டிலும் முதல் பன்னிரண்டு வீடுகள் ஜனவரி முதல் டிசம்பர் வரை வரிசையாகத் தேதிகளாக மாறிவிட்டன, பதின்மூன்றாம் வீட்டிலிருந்து எண்கள் எண்களாகவே இருந்தன. மொத்தம் இருநூற்றுப் பதினாறு வீடுகள்.

மணி ஐந்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. டீ டம்ளரை மேசையில் வைத்த லூர்தம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். லூர்தம்மாள் அந்த அலுவலகத்தின் உதவியாளர், ஐம்பத்திரண்டு வயது, பதினோரு வருஷமாக இருவரும் ஒரே அறையில் ஒரே மின்விசிறிக்குக் கீழே சாப்பிட்டவர்கள். அவள் புருஷன் சவரிமுத்து டவுன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்லீரலில் கட்டி, மதுரை டாக்டர் மிஞ்சிப் போனால் ஒரு மாசம் என்று கைவிரித்துப் பத்து நாளாகியிருந்தது.

"நீ அழுதுருவ போல. அனுப்பி விடு ஜெயா, நாளைக்குத் திருத்திக்கிடலாம்" என்றாள் லூர்தம்மாள்.

ஜெயக்கொடி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் பதினெட்டு வார்டிலும் பதினொன்றாம் வீடுகளின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. ஓட்டின் விளிம்போடு மழை நின்றது, பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு துளி தெறிக்கவில்லை. ஐந்தாம் வீடுகளில் அக்கினி நட்சத்திர வெயில் அடுக்களை வரைக்கும் நுழைந்திருந்தது, முதல் வீடுகளில் ஆட்கள் போர்வையோடு பல் தேய்த்தார்கள். முதல் வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வீட்டுக்கு நடந்து போனவர்கள் ஒரு வருஷத்தை நடந்து முடித்து வியர்த்து நனைந்து வெளியே வந்தார்கள். செவல்கரைப்பட்டிக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு தடவைதான் வரும் என்பதால் யாரும் அதிசயப்பட நேரம் செலவழிக்கவில்லை, குடங்களை எடுத்துக்கொண்டு பதினொன்றாம் வீடுகளுக்கு ஓடினார்கள், எட்டு மணிக்குள் வரிசை போட்டு, வரிசையில் சண்டை போட்டு, சண்டையைத் தீர்க்க டோக்கனும் எழுதிவிட்டார்கள்.

வாரம் ஒன்று கழிவதற்குள் ஊர் பழகிக்கொண்டது. வடகம் பிழிகிறவர்கள் ஐந்தாம் வீடுகளைப் பிடித்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களை முதல் வீடுகளில் உட்கார வைத்தார்கள், அங்கே யாருக்கும் முகத்தில் எண்ணெய் வழிவதில்லை. பதினைந்தாம் வார்டு எட்டாம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகஸ்டு பதினைந்து, தினமும் லீவு, வாத்தியார் வந்து வாசலில் நின்று கெஞ்சினார். இரண்டாம் வார்டு பத்தாம் வீட்டில் குடியிருந்த கறிக்கடை பக்கீரின் கத்தி அக்டோபர் இரண்டு அன்று வெட்ட மாட்டேன் என்றது, அவர் ஆட்டைப் பதின்மூன்றாம் வீட்டுக்கு ஓட்டிப்போய் அறுத்தார். பதினான்காம் வார்டு முதல் வீட்டு வேம்புலிங்கம் குடும்பம் முதல் மூன்று நாள் சந்தோஷமாகவும் நான்காம் நாள் கடமைக்காகவும் பொங்கல் வைத்தார்கள், அதற்குப் பிறகு வெல்லத்தின் வாசனை வந்தாலே குமட்டியது.

அந்த வீடுகளுக்குள் நாள் நகரவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர்கள் பெண்கள்தான். கரைத்து வைத்த மாவு புளிக்கவில்லை. உறை ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. பகல் வரும், ராத்திரி வரும், விடிந்தால் மறுபடி அதே தேதி. மூன்றாம் வார்டு இரண்டாம் வீட்டில் நிறைமாசமாக இருந்த ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிக்கொண்டே போய், அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதுமே வலி எடுத்தது. அதற்கப்புறம் ஊரில் ஒரு ஏற்பாடு வந்துவிட்டது, மாவையும் பாலையும் பதின்மூன்றாம் வீடுகளில் கொடுத்து வைப்பார்கள், காலையில் வாங்கிப் போவார்கள்.

மாவு புளிக்கவில்லை என்ற செய்தி அலுவலகத்துக்கு வந்த அன்று லூர்தம்மாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்காமல் வெகுநேரம் நின்றாள். அவள் வீடு 9/11. ஒன்பதாம் வார்டு, பதினொன்றாம் வீடு. நவம்பர் ஒன்பது.

"அவுக நேத்தும் ரெண்டு இட்லி சாப்பிட்டாக. முந்தாநாளும் ரெண்டு. கால் வீக்கம் ஏறவே இல்ல ஜெயா" என்றாள் மெதுவாக.

தனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று ஜெயக்கொடிக்கே தெரியவில்லை. டாக்டர் சொன்ன ஒரு மாசம் கழிந்தது, இன்னும் ஒரு பதினைந்து நாளும் கழிந்தது. சவரிமுத்து இருந்தார்.

இதற்கிடையில் மனுக்கள் வந்து குவிந்தன. எங்கள் வீட்டைத் தை மாசத்துக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டார்கள், எங்கள் மாமியாரை மட்டும் மே மாசத்தில் விடுங்கள் என்று கேட்டார்கள், பதின்மூன்றாம் வீட்டுக்காரர்கள் எங்களுக்கு மட்டும் ஏன் தேதி இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். செயல் அலுவலர் தில்லைநாயகம் எல்லா மனுவிலும் 'பரிசீலனையில்' என்று எழுதினார். ஜெயக்கொடி தினமும் அவர் அறை வாசலில் போய் நின்றாள். "சார், நான் எழுத்துன்னுதான் கொடுத்தேன். மூணு தடவை கொடுத்தேன்."

"தெரியும்மா. ஆனா பதினெட்டு வீட்டுல தண்ணி வருது. இருபது வருஷமா எவனும் கொண்டு வராத தண்ணி. நீ அந்த ஷீட்டைத் தொடாத."

அவள் தொடவில்லை, ஆனால் தொடாமல் இருக்கவும் முடியவில்லை, காலையில் வந்ததும் ஷீட்டைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், தெருவில் நடக்கும்போது கதவு எண்களை வாய்க்குள் படித்துக்கொண்டே போவாள், அடுப்பில் பால் பொங்கி வழியும்போதும் கண் வேறெங்கோ இருக்கும். தன் கை பட்ட ஒரு விஷயம் தன் கையில் இல்லாமல் ஊர் முழுக்கத் திரிகிறது என்ற நினைப்பு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

புரட்டாசி பிறந்ததும் மாவட்டத்திலிருந்து போன் வந்தது. புதிய கதவுத் தகடுகள் தயாராகின்றன, பட்டியலில் ஒரு தேதிகூட இருக்கக் கூடாது, மாசக் கடைசிக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் செயல் அலுவலர் விளக்கம் எழுத வேண்டும். தில்லைநாயகம் போனை வைத்துவிட்டு, "திருத்தும்மா" என்றார். தண்ணீரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெயக்கொடி முழு வரிசையையும் பிடித்து, எழுத்து என்று ஒரே அடியாக மாற்றினாள். இந்தத் தடவை அது சொன்ன பேச்சைக் கேட்டது. தேதிகள் எல்லாம் எழுத்தாயின, ஆனால் பழைய கதவு எண்களாக இல்லை, நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் என்று ஐந்து ஐந்து இலக்கங்களாக நின்றன, தேதிகளுக்கு அடியில் அது இத்தனை நாளும் ஒளித்து வைத்திருந்த எண்கள். அதே நிமிஷம் ஊரில் இருநூற்றுப் பதினாறு வீடுகளிலும் வெயிலும் போனது மழையும் போனது, பொருள்களுக்கு நிழல் இல்லை, விளக்குச் சுடர் அசையவில்லை, தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்து இதில் எது மூத்தது என்று தெரியாமல் விழித்தார்கள், யாருக்கும் எதற்கும் முன்னும் பின்னும் இல்லாமல் போயிற்று. லூர்தம்மாள் பக்கத்தில் நின்று, "ஜெயா, எனக்கு அவுக பேரு வரமாட்டேங்குது" என்றாள். ஜெயக்கொடி பதறிப்போய் செய்ததை ரத்து செய்தாள். தேதிகள் திரும்பி வந்தன. மழைச் சத்தம் ஊரின் பதினெட்டு மூலைகளிலிருந்தும் ஒன்றாகக் கேட்டது.

பிறகு வழி ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு கட்டமாகப் போக வேண்டும், எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போட வேண்டும், பிறகு எண்ணைக் கையால் அடிக்க வேண்டும். அரிசி நுனி அளவுள்ள அந்தக் குறியைக் கண்டால் அந்த மென்பொருள் அடங்கிப் போய், கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொண்டது. முதல் வார்டு முதல் வீட்டில் தொடங்கினாள். அவள் குறி போடப் போட வீடுகள் ஒவ்வொன்றாக ஊரின் நாளுக்குத் திரும்பின. சிலர் பழம் வாங்கி வந்து கொடுத்தார்கள். கறிக்கடை பக்கீர் அரைக் கிலோ ஈரல் அனுப்பினார். பதினொன்றாம் வீடு வரும்போது மட்டும் காலிக் குடங்களோடு பெண்கள் அலுவலக வாசலுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எட்டாம் வார்டு முடிந்த அன்று லூர்தம்மாள் டீ கொண்டுவரவில்லை. மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"என் வீட்டை விட்டுரு."

"அக்கா, ஒண்ணு பாக்கி இருந்தாலும் திருப்பி அனுப்பிருவாங்கக்கா."

"அனுப்பட்டும். உன்னை நான் என்ன கேட்டிருக்கேன் இதுவரைக்கும்? உனக்குக் கரு கலைஞ்சப்போ ஒரு வாரம் உன் துணியை நான் தொவைச்சேன். அதுக்காகச் சொல்லல. ஆனா விட்டுரு."

ஜெயக்கொடி ஒன்பதாம் வார்டில் மற்ற பதினொன்றையும் திருத்திவிட்டு, அந்த ஒன்றைத் தாண்டிப் பத்தாம் வார்டுக்குப் போனாள். பதினெட்டாம் வார்டு வரை முடித்தாள். இருநூற்றுப் பதினைந்து. மிச்சம் ஒன்று. பதினொன்றாம் வீடுகளில் அந்த ஒரு வீட்டின் மேல் மட்டும் மழை பெய்தது, ஊர் மொத்தமும் அந்தக் கூரைக்குக் கீழே குடத்தோடு நின்றது.

அன்று மதியம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் லூர்தம்மாள் வீட்டுக்குப் போனாள். குடங்களின் வரிசையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. ஜன்னல் திறந்திருந்தது. சவரிமுத்து உள்ளே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கைத்தடி, முட்டி மேல் பழைய கடிகாரம்.

"யாரு, ஜெயாவா? வா. உள்ள வர முடியாது. சாவி அவ இடுப்புல இருக்கு."

"அண்ணே, பூட்டிட்டா போறாக?"

"ரெண்டு தடவை வெளிய போகப் பாத்தேன். அதுக்கப்புறம் பூட்டிட்டா. பூட்டிட்டு வாசல்லயே உக்காந்து அழுதா. நான் உள்ள உக்காந்து கேட்டேன்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "காலையில ஏழே காலுக்கு இந்த ஓட்டு விளிம்புல இருந்து ஒரு காக்கா வழுக்கி ஜன்னலுக்கு முன்னால விழும். தினமும் விழுது. ஒன்பது மணிக்கு விலாவுல வலி வரும், பத்தே காலுக்குப் போகும். நாளைக்குக் கூடுமா குறையுமான்னு ஒரு பயம் இருந்தா அது மனுச வலி. இது அப்படி இல்ல. ஸ்டாண்டுல வண்டியைப் போட்டுட்டு இன்ஜினை ஓட விட்ட மாதிரி, டீசல் தீராம, வண்டி கிளம்பாம. முப்பத்து நாலு வருஷம் ஓட்டினவன்ம்மா நான்."

ஜெயக்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மழை அவள் முதுகில் பாதியை மட்டும் நனைத்தது.

"நான் போட்டுரட்டுமாண்ணே? ஒரு குறிதான். ஒரு நிமிஷம் ஆகாது."

சவரிமுத்து யோசித்தார். "போட்டா எனக்கு நல்லது. ஆனா அவளுக்குத் தெரியாமப் போடாத. தெரியாமப் போட்டா அவ உன்னைத்தான் சொல்லுவா, சாகுற மட்டும் சொல்லுவா. என்னைப் பாத்தேன்னு அவகிட்ட சொல்லு. அந்தக் காக்காவைச் சொல்லு."

ஜெயக்கொடி அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தாள், நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கு நினைவில்லை. லூர்தம்மாள் ரிகார்டு ரூமில் கட்டுகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடியின் நனைந்த சேலையை ஓரக்கண்ணால் பார்த்தாள், தூசி தட்டுவதை நிறுத்தவில்லை.

"அங்கயா போன?"

"போனேன்க்கா. தினமும் ஒரு காக்கா விழுதாம்."

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்கும் தெரியும்" என்றாள் லூர்தம்மாள். "நானும் தினம் பாக்குறேன். பாத்துட்டு, இன்னிக்கும் விழுந்துருச்சு, இன்னிக்கும் அவுக இருக்காகன்னு நெனைப்பேன்." பிறகு சட்டென்று திரும்பினாள். "உனக்கென்ன, நீ ஒரு குறியைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவ. நான் எந்த வீட்டுக்குப் போறது? சொல்லு. அவுக இல்லாத அந்த வீட்டுக்கு எந்தத் தேதியில போறது?"

 ஜெயக்கொடி கட்டுகளில் ஒன்றை வாங்கித் தானும் தூசி தட்டத் தொடங்கினாள், அலுவலகம் மூடும் வரை இருவரும் தட்டினார்கள்.

மூன்று நாள் போனது. தில்லைநாயகம் காலையும் மாலையும் வந்து, "ஒண்ணுதானம்மா பாக்கி" என்றார். ஜெயக்கொடி அந்தக் கட்டத்தின் மேல் போய் நிற்பாள், விரல் கீபோர்டில் அந்தக் குறிக்கான சாவியின் மேல் நிற்கும், எடுத்துவிடுவாள். வேலை போகும் என்று அவர் சொன்னார். போகட்டும் சார் என்று சொல்லிவிட்டு, சொன்னது தானா என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

நான்காம் நாள் லூர்தம்மாள் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு மேல் தெருவில் சலசலப்புக் கேட்டு ஜெயக்கொடி ஜன்னலுக்குப் போனாள். ஒன்பதாம் வார்டிலிருந்து அலுவலகம் வரை நீண்ட வரிசையில் குடத்தோடு நின்ற பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டிருந்தார்கள், நடுவில் சவரிமுத்து கைத்தடி ஊன்றி வந்துகொண்டிருந்தார், நனைந்த தலையோடு, தேய்த்த காக்கிச் சட்டை போட்டு, ஒரு பொத்தான் மாறிப் போட்டு. அவருக்கு இரண்டடி பின்னால் லூர்தம்மாள், ஒரு கையில் திறந்த பூட்டு, இன்னொரு கையில் அவருடைய செருப்பு.

"செருப்பைப் போட்டுட்டாச்சும் நடங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "கல்லு குத்தும். சொன்னாக் கேக்குறதே இல்ல."

"குத்தட்டும்டி" என்றார் அவர். புரட்டாசி வெயில் அவர் முகத்தில் சுள்ளென்று அடித்தது, அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தார். "இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்" என்று வரிசையில் நின்றவர்களில் யாரோ சொன்னார்கள்.

"செவ்வாயா" என்றார் சவரிமுத்து, பெரிய சேதி கேட்டவர் மாதிரி.

அலுவலக வாசலில் அவரைப் படியில் உட்கார வைத்துவிட்டு லூர்தம்மாள் உள்ளே வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் சரியாகத்தான் இருந்தது. "எந்தச் சாவி, காட்டு" என்றாள்.

"நான் போடுறேன்க்கா."

"வேண்டாம். நாளைக்கு உன்னைச் சொல்லிருவேன். எனக்கு என்னைப் பத்தித் தெரியும். காட்டு."

ஜெயக்கொடி காட்டினாள். அதுவரை கம்ப்யூட்டரைத் துடைத்ததோடு சரி, தொட்டுப் பழகாத லூர்தம்மாள் குனிந்து, ஆள்காட்டி விரலால் அந்தக் குறியைத் தட்டினாள், பிறகு ஒன்பது, பிறகு சாய்வுக் கோடு, பிறகு ஒன்று, இன்னொரு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் திரையை நிமிர்ந்து பார்த்து. கடைசிச் சாவியை ஜெயக்கொடி கைகாட்ட அதையும் அவளே அழுத்தினாள். ஒன்பதாம் வார்டுப் பக்கமிருந்து இரண்டு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்த மழைச் சத்தம் நின்றது. குடங்களோடு நின்றவர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு நிறைந்தவரை நிறைந்ததை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கலைந்தார்கள், ஒருத்தி மட்டும் தன் குடத்தை அலுவலகப் படியில் இறக்கி, சவரிமுத்துவுக்கு ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள்.

அதன்பிறகு சவரிமுத்து இருபத்து மூன்று நாள் இருந்தார். ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் போனார், நிஜ மழைக்கு முந்தின நாள். தண்ணீரை நிறுத்தியவள் என்று ஜெயக்கொடியை ஊர் அந்த மழை வரும் வரை திட்டியது, வந்த பிறகு மறந்துவிட்டது. ஒப்பந்தத்தை மட்டும் தில்லைநாயகம் ஆறு மாசத்துக்குக் குறைத்துப் புதுப்பித்தார்.

லூர்தம்மாள் முப்பதாம் நாள் பூசை முடிந்து வேலைக்கு வந்தாள். டீ கொண்டுவந்து வைத்தாள். ஜெயக்கொடி டம்ளரை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மன்னிப்புக் கேட்கலாமா, எதற்கென்று கேட்பது என்று அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பாக்குற. குடி, ஆறிரும்" என்றாள் லூர்தம்மாள். போகத் திரும்பியவள் கதவருகில் நின்றாள். "ஒருநாள் பஸ் ஏறணும்னாக. டிப்போ வரைக்கும் போயிட்டு வந்தோம். ஒருநாள் முழுக்கச் சண்டை, எதுக்குன்னு இப்ப ஞாபகம் இல்ல. ஒருநாள் வலி தாங்காம என் கையைக் கடிச்சுட்டாக, இங்க பாரு. மறுநாள் அதைப் பாத்துட்டு அவுகளே சிரிச்சாக." முந்தானையால் கண்ணை ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள். "இருபத்து மூணு நாளு ஜெயா. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல."